பூட்டுவதா, சாவி கொடுப்பதா, ஆள் வைப்பதா?

மாசி பிறந்தால் கோத்தகிரிப் பக்கம் பெட்டிகளைத் தூசு தட்ட ஆரம்பித்துவிடுவோம். சிவராத்திரிக்கு மதுரை, விருதுநகர்ப் பக்கம் குலதெய்வம் இருக்கிறவர்கள் இறங்குவார்கள். நெல்லைக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் என்பார்கள். மழை இல்லாததால் தேயிலையிலும் கொழுந்து குறைந்து பறிப்பு தள்ளிப்போகிற நேரம் இது. அதனால் சிறு விவசாயிக்கும் பத்து நாள் ஒதுங்க முடிகிறது.

துணிமணியில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்வெட்டர் மேட்டுப்பாளையம் வரைதான், அதற்குமேல் அது சுமை. கிளம்பும் வீட்டில் வாக்குவாதம் வருவது விட்டுப்போகிற வீட்டைப் பற்றித்தான். முழுக்கப் பூட்டிவிட்டுப் போவதா, பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதா, யாரையாவது வரவழைத்துத் தங்க வைப்பதா? மூன்றுக்கும் ஆள் உண்டு, மூன்றும் சரியாக அமைந்ததும் உண்டு. எந்த மாதத்தில் கிளம்புகிறோம் என்பதைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

ஐப்பசி, கார்த்திகையில் என்னைக் கேட்டால் பூட்டாதீர்கள் என்பேன். நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில்தான் அதிகம் கொட்டும். பத்து நாள் மூடிக் கிடந்த வீட்டில் செருப்பு, பெல்ட், தலையணை எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். மண்சரிவு பயமும் சேரும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் யாராவது கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும், ஓட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனி வேறு. “மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்றாலும் பகலெல்லாம் வெயில். சுவர் உலர்ந்து கிடக்கிறது. பூட்டிய வீட்டை ஈரம் கெடுக்காது. இப்போது கவலை இரண்டே: தண்ணீர், காட்டு விலங்கு.

பூட்டுகிற கட்சியை எதிர்ப்பவர்கள் முதலில் கரடியைத்தான் காட்டுவார்கள். நியாயம்தான். கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் உண்ணிச்செடி புதராக மண்டி, கரடிக்கும் காட்டெருமைக்கும் ஒதுங்க இடமாகிவிட்டது. கோயில் கதவை உடைத்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடி எங்களுக்குப் புதிதில்லை. பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து எண்ணெய், பருப்பைச் சூறையாடியதும் உண்டு. ஆனால் அது பூட்டைப் பார்த்து வருவதில்லை, வாசனைக்கு வருகிறது. ஆள் இருந்தாலும் வரும். ஆகவே பூட்டுவதென்றால் சமையலறையைக் காலி செய்துவிட்டுப் பூட்டுங்கள். எண்ணெய், சர்க்கரை, பருப்பு, வாழைப்பழம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். சாமி விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை வடித்து எடுத்துவிட்டுத் துடைத்து வையுங்கள். “விளக்கு எரியட்டும், அதுவாக அணையும்” என்கிற பாட்டிமார்களிடம் கெஞ்சியாவது அணைத்துவிட வேண்டும். காய்ந்த மாதத்தில் அது தீ விபத்துக்கும் வழி. வீட்டைச் சுற்றிக் காய்ந்து நிற்கும் புல்லையும் செதுக்கிவிடுவது நல்லது.

மற்றவை சில்லறை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைக்க வேண்டும். மெயின் ஆஃப், சிலிண்டர் ரெகுலேட்டர் ஆஃப். குரங்கு கை நுழைகிற ஜன்னல் எது என்று உங்களுக்கே தெரியும். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பூட்டுக் கட்சி உண்மையில் தோற்பது தண்ணீரில்தான். கோடை நெருங்க நெருங்கக் குழாயில் தண்ணீர் விடும் நாட்கள் தள்ளித் தள்ளிப் போகும். அந்த நாளைத் தவறவிட்டால், பயணக் களைப்போடு வந்து இறங்கும் இரவில் காலி சின்டெக்ஸ்தான் வரவேற்கும். தொட்டிச் செடிகளும் அப்படியே. ஹைட்ரேஞ்சியா இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தலை தொங்கிவிடும். ஜெரேனியம் தாங்கும்.

சாவி கொடுக்கிறவர்கள் இந்த இடத்தில் ஜெயிக்கிறார்கள். ஆனால் சாவியோடு ஒரு கடமையும் போகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “சாயங்காலம் ஒரு எட்டு பாத்துக்கங்கக்கா” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காட்டெருமை அதிகம் மேய வருவது விடியலிலும் அந்தியிலும்தான். ஆண் மாடு ஒரு டன் எடையைத் தொடும். மேரக்காய்ப் பந்தல் ஓரம் அது நிற்பது அரை இருட்டில் தெரியாது. அந்த அக்காவைக் காலை பத்து மணிக்குப் போகச் சொல்லுங்கள், அதுவும் தண்ணீர் விடும் நாளில் மட்டும். அவர்கள் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் கேட்காமலே இருப்பது மரியாதை. மார்ச் அந்த வீட்டுக்கும் சோதனைக் காலம்.

ஆள் வைப்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே வெயில் ஏற ஆரம்பித்ததும் மலைக்கு வந்து தங்க உறவுக்காரர்கள் தயாராகவே இருப்பார்கள். சொந்தக் காரில் வந்தால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். அது பெரிய விஷயமில்லை. மலை வீட்டின் பழக்கம் அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். மிச்சச் சோற்றை வாசலில் கொட்டுவார்கள். காட்டெருமையைப் பார்த்ததும் போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போவார்கள். எல்லாவற்றையும்விட ஆபத்து, ராத்திரிக் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் ஜன்னலைச் சாத்திக்கொள்வது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்கு வந்த இடத்தில் அப்படி இறந்தவர்கள் உண்டு. தங்க வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆளுக்கொரு கம்பளி கூடுதலாக எடுத்து வைத்துவிட்டு, கரி மூட்டையை ஒளித்துவிட்டுப் போங்கள்.

மாடு, கோழி, நாய் இருக்கிற வீட்டில் இந்த விவாதமே இல்லை. ஆள் வேண்டும், அதுவும் உள்ளூர் ஆள் வேண்டும். பூட்டிய வீட்டு வாசலில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவது சிறுத்தைக்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். வயதான அம்மாவைக் காவலுக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புவதையும் ஆள் வைப்பது என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வாயில்லா ஜீவன் இல்லாத வீடு, பத்து நாள் பயணம், மாசி பங்குனி மாதம் என்றால் நான் பூட்டத்தான் சொல்வேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. செடித் தொட்டிகளையெல்லாம் கேட்டுக்குள் நிழலான மூலைக்கு நகர்த்திவிடலாம். மூடி போட்ட டிரம் இரண்டை அங்கேயே வைத்து, குழாய்த் தண்ணீர் அதில் விழும்படி ஓஸ் மாட்டிவிடலாம். பக்கத்து வீட்டு அக்கா வால்வைத் திறந்து மூடி, செடிகளுக்கும் கொஞ்சம் ஊற்றினால் போதும், வீட்டுக்குள் வர வேண்டிய வேலையே இல்லை. பீரோவில் என்ன இருந்தது என்ற பேச்சு பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் வராது. வீட்டுச் சாவி நம்மோடு கீழே இறங்கட்டும், கேட் சாவி மட்டும் அக்காவிடம் இருக்கட்டும்.