பெரிய எழுத்து வேதாகமம்: ஒரு பலசரக்குக் கடைக்காரியின் அனுபவம்

கண்ணாடி போட்டும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிய ஆரம்பித்ததால், போன லெந்து நாள்களில் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாள்கள்) பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்துக்கு ஆராதனைக்குப் போனபோது இந்தப் பெரிய எழுத்து வேதாகமத்தை வாங்கிவந்தேன். 600 ரூபாய்க்குள்தான். எழுத்தில் குறையே சொல்ல முடியாது. ராத்திரி கடையடைத்து வந்து டியூப் லைட் வெளிச்சத்தில் தாராளமாக வாசிக்கிறேன். தாள்தான் ரொம்ப மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1 கிலோ 650 கிராம். மடியில் தலையணை வைத்துத்தான் வாசிக்க முடியும்.

இதில் நான் அதிகம் தங்கியது, பழைய ஏற்பாட்டுச் சட்டப் புத்தகமான லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில். ‘சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும், சுமுத்திரையான மரக்காலும், சுமுத்திரையான படியும்’ இருக்கவேண்டும் என்கிறது 36ஆம் வசனம். சுமுத்திரை என்றால் கள்ளமில்லாத, சரியான அளவு. முப்பது வருஷமாகக் கருப்பட்டி நிறுத்துக் கொடுக்கிறவளுக்கு இது எங்கோ எகிப்துப் பக்கத்துப் பேச்சாகத் தோன்றவில்லை. என் மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் வாங்குவதும் முத்திரைதானே? அப்பா காலத்துப் பித்தளைப் படி இன்னும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது.

அதே அதிகாரம் 13ஆம் வசனம், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. மூட்டை இறக்குகிறவரிடம், சில்லறை இல்லாத நாள்களில், “காலையில வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி” என்று சொல்வது என் வழக்கம். அவரும் “சரிம்மா, இருக்கட்டும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். வசனத்தை வாசித்த அன்றைக்குத்தான், அந்த ராத்திரிகளில் அவர் வீட்டில் அரிசிக்கு என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். இப்போது ஷட்டரை இறக்குவதற்கு முன்னாலேயே கூலி அவர் கைக்குப் போய்விடுகிறது.

என் பெரிய குறை, இந்தப் பதிப்பில் அடிக்குறிப்பே இல்லை என்பது. இதே லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், சுற்றிலும் இருக்கிற அந்நிய ஜாதியாரை அடிமைகளாக வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்றும் இருக்கிறது. முதல்தடவை வாசிக்கிற பிள்ளை இதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

எங்கள் உறவில் ஒரு பெரியவர், சம்பளம் கேட்ட கடைப்பையனிடம் புதிய ஏற்பாட்டில் எபேசியர் நிருபம் 6ஆம் அதிகாரத்தில் ‘வேலைக்காரரே’ என்று தொடங்கி எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தைச் சொல்லி அவன் வாயை அடைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பையன் தலையைக் குனிந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றான். மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நம் ஆலயங்களில் வாசிக்கிற, 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பில் அது வேலைக்காரர் என்று வந்திருக்கிறது. அப்புறம் நாலு வசனம் தள்ளி, எஜமான்களைப் பார்த்து ‘கடுஞ்சொல்லை விட்டுவிடுங்கள்’ என்றும் சொல்லியிருக்கிறது. பெரியவர் அதுவரை போகவில்லை.

இந்தக் காலத்துக்கு இது வழிகாட்டுமா அம்மா என்று என் மகள் கேட்கிறாள். காட்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு வசனம் யார் கையைக் கட்டுகிறது என்று முதலில் பார்ப்பேன். என் கையை என்றால் கீழ்ப்படிகிறேன். அடுத்தவரை அடக்க எனக்குத் தோதாக இருந்தால், அதிகாரம் முழுவதையும் திரும்ப வாசிக்கிறேன். அப்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் அதன்படி நடப்பதில்லை. அந்த 25ஆம் அதிகாரத்தில்தான், விற்றுப்போன நிலம் ஐம்பதாம் வருஷம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்கிற யூபிலிச் சட்டமும் வருகிறது. அதனால் அதிகாரத்தைத் தள்ளவில்லை, அடிமைகளைப் பற்றிய 44 முதல் 46 வரை மூன்று வசனங்களை மட்டும்தான்.

கண் மங்கியவர்கள் தாராளமாக வாங்கலாம். பிள்ளைகளுக்கு என்றால் அடிக்குறிப்புள்ள பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். பக்கம் குறிக்கிற நாடா இரண்டாம் வாரமே கையோடு வந்துவிட்டது. பொட்டலம் கட்டுகிற சணலில் ஒரு முழம் வெட்டி லேவியராகமத்தில் வைத்திருக்கிறேன்.