வெயில் நிறங்களில் ஒரு போர்வை: ரவிக்கைத் துணியா, குவில்டிங் காட்டனா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில் எந்தத் தமிழர் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் ரவிக்கைத் துணி அடுக்கிய சுவர் ஒன்று இருக்கும். மாம்பழ மஞ்சள், ராணி கலர், மயில்நீலம், கிளிப்பச்சை, கனகாம்பர நிறம் என்று பூவோ கோடோ இல்லாத ஒரே நிறத் துணிகள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கும். நவீன பாணியில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க நினைப்பவருக்கு அந்தச் சுவரைப் பார்த்தபின் வேறு எங்கும் தேடத் தோன்றாது. எனக்கும் கை அங்கேதான் போனது. ஆனாலும் மகள் வீட்டுக்கு ஒற்றைக் கட்டில் போர்வை தைத்தபோது, மேல்துணியின் அடர் நிறங்களுக்கு இணையத்தில் வரவழைத்த குவில்டிங் காட்டனைத்தான், அதாவது ஒட்டுத்துணிப் போர்வைக்கென்றே நெய்யும் பருத்தியைத்தான், எடுத்தேன். விலை அதிகம், வந்து சேரக் காத்திருக்கவும் வேண்டும். இருந்தும் மறுபடி தைத்தால் அதையேதான் எடுப்பேன்.

ஒரே நிறத் துணிகளால் போர்வை தைப்பது புதிய பழக்கம் அல்ல. அமெரிக்காவின் ஆமிஷ் சமூகப் பெண்கள் பூத்துணியைத் தவிர்த்து வெறும் நிறங்களாலேயே தைத்தார்கள். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவருக்கே போயின. இப்போது நவீனம் என்று சொல்லப்படும் பாணியும் அந்த வழியில் வந்ததுதான்: பெரிய வெற்றிடம், சில அழுத்தமான நிறங்கள், எளிய வடிவங்கள். பூப்போட்ட துணியில் தையல் சற்று விலகினால் கண்ணுக்குத் தெரியாது. வெறும் நிறத்தில் ஒவ்வொரு மூலையும் தெரியும். ஆகவே துணியின் குணம் இங்கே இரட்டிப்பாக முக்கியம்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு. பாலியஸ்டர் கலந்த மலிவுத் துணி. சாயம் நன்றாக நிற்கும், சீக்கிரம் காயும். ஆனால் மடிப்பு படியாது. கால் அங்குலத் தையல் ஓரத்தை இஸ்திரி போட்டு அமர்த்தினால் சற்று நேரத்தில் மீண்டும் எழும்பிக்கொள்ளும். நம் இரவுப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டவும் செய்யும். கடையில் பருத்தி என்று சொல்லிக் கொடுத்தாலும் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும். இதற்குமேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

உண்மையான போட்டி டூ பை டூ ரூபியா என்னும் ரவிக்கைத் துணிக்கும் குவில்டிங் காட்டனுக்கும்தான். நெடுக்கிலும் குறுக்கிலும் இரட்டை முறுக்கு நூல் ஓடுவதால் டூ பை டூ என்று பெயர். கலப்பில்லாத ரகமாகப் பார்த்து வாங்கினால் தொடுவதற்கு அத்தனை மென்மை. நம் ஊரில் போர்வை என்பதே விசிறிக் காற்றுக்கும் விடியற்காலைக் குளிருக்கும்தான், ஆகவே இலேசான துணி நல்லதுதான். நிறத்தைக் கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு துண்டோடு சேர்த்துப் பார்க்கலாம். கணினித் திரையில் பவழ நிறமாகத் தெரிந்தது பெட்டியைத் திறந்தால் செங்கல் நிறமாக இருக்கும் தொல்லை இல்லை. இத்தனையும் ரூபியாவின் பக்கம்.

அதன் எதிர்ப்பக்கம் முக்கியமாக ஒன்று: சாயம்.

ரவிக்கை சாயம் போனால் தனியாக அலசிக்கொள்ளலாம். நம் வீடுகளில் அரக்கும் அடர்பச்சையும் எப்போதும் தனி வாளியில்தான் ஊறும். போர்வைக்குள் தைத்துவிட்ட சிவப்பைத் தனியாக அலச வழியில்லை. அதன் நான்கு பக்கத்திலும் மஞ்சளும் வெள்ளையும் இருக்கும். அந்தப் போர்வை ஆயுள் முழுவதும் ஒரே தண்ணீரில்தான் நனையும். வெயில் நிறங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் அழுத்தமான நிறத்தையும் வெளிர் நிறத்தையும் அருகருகே வைப்பதில்தான் அந்தப் போர்வையின் அழகே இருக்கிறது. சாம்பலும் பழுப்புமான போர்வையில் சிறு கசிவு தெரியாது. எலுமிச்சை மஞ்சளில் ராணி கலர் ஒரு சொட்டு இறங்கினாலும் தெரியும்.

இதில் நம் ஊர் மழையும் சேர்ந்துகொள்கிறது. காலையில் துவைத்துக் கொடியில் போட்ட போர்வை பாதி காய்ந்திருக்கும்போது பிற்பகல் இடி இடிக்கும். ஓடிப்போய் எடுத்து, சுருட்டிக் கூடையில் போடுவோம். சாயம் பரவ இதைவிட வசதியான இடம் இல்லை. ஓடும் தண்ணீரில் கசியும் சாயம் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். ஈரத்துணி மடிப்போடு மடிப்பாக ஒட்டிக் கிடக்கும்போதுதான் அது பக்கத்துத் துண்டில் நிதானமாக இறங்கும்.

"உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள் அக்கா, சாயம் பிடித்துக்கொள்ளும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அம்மா காலத்திலிருந்து கேட்டு வரும் பேச்சு இது. பருத்திக்கு இன்று பரவலாகப் போடும் ரியாக்டிவ் சாயங்களை 1956-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை நூலின் மேல் படிந்து நிற்பவை அல்ல, நூலோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுபவை. சாயத்தொட்டியில் உப்பு செய்யும் வேலை, சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது. பிணைப்பை நடத்துவது சோடா போன்ற காரம். தொட்டியை விட்டு வெளியே வந்து காய்ந்து கடைக்கு வந்துவிட்ட துணிக்கு வீட்டு உப்பு ஒன்றும் செய்யாது. வினிகரும் அப்படித்தான், அமிலம் தேவைப்படுவது பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயங்களுக்கு. நல்ல ரியாக்டிவ் சாயம் போட்ட துணியிலும் சாயம் கசிந்தால், பிணையாமல் தங்கிய மிச்சச் சாயத்தை ஆலையில் சரியாக அலசி நீக்கவில்லை என்று பொருள். அந்தக் கடைசி அலசலுக்குத் தண்ணீரும் சூடும் நேரமும் செலவாகும். மலிவுத் துணியில் முதலில் குறைவது அதுதான்.

ஆகவே துணியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடச் சோதித்துத் தெரிந்துகொள்வதே மேல். ரூபியாவின் ஒவ்வொரு நிறத்திலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, வெந்நீரில் சலவைத்தூள் போட்டு நனைத்து, பிழியாமல் வெள்ளைக் கைக்குட்டையில் சுருட்டி ஓர் இரவு வைத்தேன். காலையில் பிரித்தபோது மஞ்சளும் வெளிர்நீலமும் கைக்குட்டையில் சுவடே விடவில்லை. ராணி கலர் துண்டைச் சுற்றிச் சதுரமாக ஒரு ரோஜா நிறக் கோடு, விளிம்பில் அடர்ந்து உள்ளே மங்கி, கோலம் போட்டதுபோல் இருந்தது. அதே துண்டை அலசித் திரும்பச் செய்தேன். கோடு மெலிந்தது, மறையவில்லை. அரக்குச் சிவப்பும் அப்படியே. இரண்டையும் அடுக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

குவில்டிங் காட்டன் இதே சோதனையில் நன்றாகத் தேறியது. இதற்கென்றே நெய்யும் துணி, 44 அங்குல அகலம், வெட்டினால் ஓரம் சீக்கிரம் பிரியாது. நெசவு நெருக்கமானதால் மஞ்சள் துண்டுக்குக் கீழே சிவப்பின் தையல் ஓரம் நிழலாகத் தெரிவதில்லை. ரூபியாவில் வெளிர் நிறங்களுக்கு இந்தத் தொல்லை உண்டு, ஓரத்தை எப்போதும் அடர் நிறத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டாக வேண்டும். இன்னொரு வசதி நிற அட்டை. ராபர்ட் காஃப்மன் நிறுவனத்தின் கோனா காட்டன் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறங்களில் வருகிறது. உண்மைத் துணித் துணுக்குகள் ஒட்டிய அட்டையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்கலாம், பாதியில் துணி தீர்ந்தால் அதே பெயரில் மறுபடி கேட்கலாம். ரவிக்கைத் துணியில் அடுத்த கட்டு வரும்போது மயில்நீலம் சற்றே வேறு மயிலாகிவிடும்.

குவில்டிங் காட்டனும் குற்றமற்றது அல்ல. அடர்சிவப்பு எந்த நிறுவனத்தின் துணியாக இருந்தாலும் முதலில் தனியாக வெந்நீரில் அலசுங்கள். நான் கையாண்டது ஒரு நிறுவனத்தின் துணிதான், மற்றவற்றைப் பற்றி அனுபவத்தோடு பேச முடியாது.

நிறத் தேர்வில் ஒரு சொல். எல்லாமே பளிச்சென்று இருந்தால் எதுவும் பளிச்சென்று தெரியாது. துணிகளை வரிசையாக அடுக்கி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சும் நீலப்பச்சையும் எதிரெதிர் நிறங்கள் என்று நினைத்திருப்போம், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கிடக்கலாம். அங்கே ஒன்றை வெளிராகவோ அடர்த்தியாகவோ மாற்ற வேண்டும். பின்புல நிறமாகத் தூய வெள்ளையை நான் எடுக்கவில்லை. ஈரக்காற்றில் அலமாரிக்குள் இருக்கும் வெள்ளைப் பருத்தியில் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் மறைக்க முடியாது. வெளிர் மணல் நிறம் வெயில் நிறங்களை இன்னும் இதமாகத் தாங்குகிறது.

விலைதான் தடை என்றால் முழுவதையும் இறக்குமதித் துணியில் தைக்கத் தேவையில்லை. 150க்கு 210 செ.மீ. போர்வையின் மேல்துணிக்கு வடிவத்தைப் பொறுத்து நான்கு முதல் ஐந்து மீட்டர் போகும். அதில் சிவப்பு, ராணி, அடர்நீலம் ஆகிய துண்டுகள் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும்படி வடிவத்தை அமைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் குவில்டிங் காட்டனில் வாங்கலாம். மஞ்சளையும் வெளிர்நீலத்தையும் அடித்துணியையும் சோதனையில் தேறிய ரூபியாவில் எடுக்கலாம். நான் செய்தது இதுதான். இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும், ஆகவே வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டுவிடுங்கள்.

வெயிலில் நிறம் மங்குவதைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு என் போர்வைக்கு வயதாகவில்லை. இதுவரை இரண்டு துணியிலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் மகளிடம் சொல்லியிருக்கிறேன்: கொடியில் போடும்போது அடித்துணி வெளிப்பக்கம் இருக்கட்டும், வெயில் படுவதானால் அதில் படட்டும்.