ஹாமில்டன் 701 சிரிஞ்ச்: லீஷனுக்குக் கண்ணை மூடி வாங்கலாம், வைரஸுக்கு யோசிக்கணும்

பெங்களூரு ஆய்வு நிறுவனங்களான ஐ.ஐ.எஸ்.சி.யிலோ ஜி.கே.வி.கே. வளாகத்து என்.சி.பி.எஸ்.ஸிலோ புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் மூளைக்குள் மருந்து செலுத்த எந்த சிரிஞ்ச் வாங்கலாம் என்று கேட்டால், எலி மூளையின் ஒரு பகுதியை ஆய்வுக்காகச் சிதைக்கும் லீஷனுக்கு 10 மைக்ரோலிட்டர் 701ஐத் தயங்காமல் சொல்வோம். சுண்டெலிக்கு ஏஏவி (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) செலுத்துவதற்கு மட்டும் பதில் வேறு.

காரணம் எளிய கணக்கு. 701 குழலின் 60 மி.மீ. நீளத்தில் 10 மைக்ரோலிட்டர் அடங்குகிறது. லீஷன் உண்டாக்கும் நச்சான ஐபோடெனிக் அமிலம் அரை மைக்ரோலிட்டர் செலுத்த பிளஞ்சர் (தள்ளுகம்பி) 3 மி.மீ. நகரும், பம்ப் அதை ஒழுங்காகத் தள்ளிவிடும். 50 நானோலிட்டர் வைரஸுக்கோ 0.3 மி.மீ.தான். பிளஞ்சர் ஒட்டி நின்று சட்டென்று குதித்தால் அளவே மாறிப்போகும். 100 நானோலிட்டருக்குக் கீழே போகிறவர்கள் சூடாக்கி இழுத்து நுனியை மெலிதாக்கிய கண்ணாடி பிப்பெட்டுக்கு மாறுவதே நல்லது. திசுக் காயமும் குறையும்.

இதில் மாட்டும் 33 கேஜ் (தடிமன் எண்) ஊசிக்கு வெளிவிட்டம் 0.21 மி.மீ.தான். மூளையை மூடிய டியூரா சவ்வைக் கிழிக்காமல் இறக்கினால் வளைந்துவிடும். 30 கேஜ் ஊசி முனையால் முதலில் கீறிவிடுங்கள். சாய்வு முனையில் திரவம் ஒரு பக்கமாகத்தான் வெளியேறும், திறப்பும் நுனிக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆழம் கணக்கிடும்போது இதை மறக்க வேண்டாம். தட்டை முனையில் இந்தத் தொல்லை இல்லை.

லீஷன் கெடுவது பெரும்பாலும் சிரிஞ்சால் அல்ல, அவசரத்தால். நிமிடத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர் வேகம் போதும். முடிந்ததும் குறைந்தது 5 நிமிடம் ஊசியை அப்படியே விட வேண்டும். உடனே உருவினால் அமிலம் ஊசித் தடத்தில் மேலேறும். மூளையின் உட்பகுதியான ஹிப்போகாம்பஸுக்கு வைத்த குறி அதன் மேலுள்ள புறணியான கார்டெக்ஸையும் தின்றுவிடும். அமிலத்தின் பி.எச். 7.4க்கு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோடெனிக்கின் சிறப்பே நியூரான்களைக் கொன்று, அவ்வழியே கடந்துபோகும் நரம்பிழைகளான ஆக்ஸான்களை விட்டுவைப்பதுதான். பி.எச். தவறினால் அந்த நுணுக்கம் போச்சு, மின்சாரத்தால் சுட்ட லீஷன் மாதிரி எல்லாமே சேதம்.

காற்றுக்குமிழி இன்னொரு எதிரி. பம்ப் ஓடும், திரை எண் காட்டும், குமிழி சுருங்குவதால் மூளைக்குள் எதுவும் போயிருக்காது. இறக்கும் முன்பும் எடுத்த பின்பும் 100 நானோலிட்டர் தள்ளி, நுனியில் துளி வருகிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது கட்டாயம்.

701இன் பெரிய குறை பிளஞ்சர். எஃகுக் கம்பி ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டது. இரண்டு சிரிஞ்சைக் கழுவி பிளஞ்சரை மாற்றிப் போட்டால் கசியும், அல்லது இறுகும். தேய்ந்தால் தனியாக மாற்றவும் முடியாது. பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) முனையுள்ள ஹாமில்டன் 1701இல் பிளஞ்சர் தனியே கிடைக்கும். பலர் கைபடும் பொது ஆய்வகத்துக்கு அதுதான் லாபம்.

வைரஸுக்கும் நச்சுக்கும் ஒரே சிரிஞ்ச் வேண்டாம். ஏஏவிக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹாலை மட்டும் நம்பக் கூடாது. 10% பிளீச் பயன்படுத்துங்கள். பிளீச் எஃகை அரிக்கும் என்பதால் உடனே காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசணும். உப்பு காய்ந்து பிளஞ்சர் இறுகினால் பலத்தால் தள்ளாதீர்கள், 0.46 மி.மீ. கம்பி வளைந்துவிடும், ஊறவைத்தால் இளகும். வாங்கும்போது கழற்றக்கூடிய ஊசியுள்ள வகையையே கேளுங்கள், கூடவே இரண்டு உபரி ஊசியும்.