ஆய்வு நெறியாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி: மதுரையில் கலந்துகொண்ட அனுபவம்

அறிவியல் ஆய்வு நெறியாளர்களுக்காகச் சென்ற மாதம் மதுரை அழகர்கோவில் சாலையில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு 800 ரூபாய் கட்டிச் சென்றேன். நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையே இனமும் சாதியும் எப்படி நுழைகின்றன என்பதே பொருள். காலை அமர்வு ஒன்றுக்கே அந்தக் கட்டணம் தகும்.

அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கறுப்பின மாணவி தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கியதும், நெறியாளர் "நான் நிறம் பார்ப்பதில்லை" என்று பேச்சை முடித்துவிடும் கற்பனைச் சூழலை வாசிக்கக் கொடுத்தார்கள். எங்களில் பெரும்பாலோர் நெறியாளர் பக்கமே பேசினோம். பயிற்றுநர், 'நிறம்' என்பதை அடித்துவிட்டுச் 'சாதி' என்று எழுதி மறுபடி வாசிக்கச் சொன்னார். அதே வாக்கியத்தை என் ஆய்வகத்தில் நான் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். புதிய மாணவரிடம் "எந்த ஊர், ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று நாம் இயல்பாகக் கேட்பது எதிரே நிற்பவருக்கு என்னவாக இருக்கும் என்பதை, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர் தம் மாணவப் பருவத்தை வைத்து விளக்கினார், தெருவின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து அவருடைய நெறியாளர் ஆய்வேட்டுப் பக்கங்களைக் கையில் வாங்காமல், மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

தரவுகளும் தந்தார்கள். கல்வி, வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு நிதி கறுப்பின விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வை விரிவாக விளக்கினார்கள். ஆனால், டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டைப் பதிவுசெய்த 2007ஆம் ஆண்டுத் தோரட் குழு அறிக்கைக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்புப் பிரிவு வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகளைப் பற்றியும் பேச்சில்லை. இது எனக்குப் பெருங்குறையாகவே பட்டது. அரங்கில் ஓர் ஆய்வு மாணவர்கூட இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

பிற்பகலில், வரைவைத் திருத்தித் தரும் கால அளவு, கட்டுரையில் பெயர் வரிசை, குறை இருந்தால் யாரிடம் சொல்வது என நெறியாளரும் மாணவரும் சேர்ந்து நிரப்பும் ஒருபக்க ஒப்பந்தப் படிவம் தந்தார்கள். ஊர் திரும்பியதும் என் மாணவர்களோடு அதை நிரப்பினேன். மூன்றாண்டுகளாக என்னிடம் இருக்கும் ஒருவர், குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்ற கடைசிக் கட்டத்தின் மேல் நெடுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு வெறுமையாகவே திருப்பித் தந்தார். அந்தக் கட்டத்தைப் பற்றி மாணவர்களையும் உட்கார வைத்துப் பேசும் அமர்வு அடுத்த பயிற்சியில் இருக்குமானால், மறுபடியும் பணம் கட்டிச் செல்வேன்.