மலையில் பருப்பு வேக வைக்க ஓர் அடுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செப்டம்பர் கடைசி என்றால் 24ஆம் தேதி ஹெரிட்டேஜ் டே எனும் பொது விடுமுறை, அதை ஒட்டிப் பள்ளி விடுமுறை, தெருவெல்லாம் கரியில் கறி சுடும் பிராய் புகை. நம் வீட்டிலோ புரட்டாசி. டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் டென்ட் போடப் போகிற மற்றவர்கள் கறியையும் கரியையும் ஏற்றினால் போதும். நமக்குப் பருப்பும் சோறும் வேக அடுப்பு வேண்டும். அந்த மாதத்தில் மலைப் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் பலமாக அடிக்கும். விறகு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் அதோடு சரி.

அதனால் வாங்கியது 3 கிலோ கேஸ் சிலிண்டரும் அதன் தலையில் திருகிப் பொருத்தும் ஒற்றை அடுப்பும். கம்பெனிப் பெயர் வேண்டாம், கடையில் இருக்கும் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு. பக்கத்திலேயே பெட்டி மாதிரி மூடும் சின்ன கேன் அடுப்பும் இருந்தது. பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் அந்தக் கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான். பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் அது ஆவியாகவே மறுக்கும். மலையில் விடியற்காலைக் குளிரில் காபிக்குத் தவம் கிடக்க எனக்குப் பொறுமையில்லை. சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருப்பதால் அந்தக் குளிரிலும் சீறிக்கொண்டு எரிந்தது.

நாங்கள் தங்கியது அந்த மலையில் உள்ள ராயல் நேட்டல் பூங்காவின் மஹாய் முகாமில். சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்போ வேகாமல் உருண்டுகொண்டே இருக்கும். "அடுப்பைக் குறை சொல்லாதே, குக்கரை எடு" என்றார் என் மாமியார். மூட்டை கட்டும்போதே சின்ன பிரஷர் குக்கரைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தவரும் அவரே. விசில் சத்தம் கேட்டுப் பக்கத்து டென்ட்காரர் எழுந்து வந்து பார்த்தார். வந்தவருக்கும் ஒரு கிண்ணம் பருப்பு போனது.

குறைகளுக்கு வருகிறேன். சிலிண்டர் மேல் அடுப்பு, அடுப்பு மேல் பானை என்று மூன்றும் சேர்ந்தால் புல்தரையில் ஆடுகிறது. ஒரு தட்டையான பலகை கொண்டுபோங்கள், ஓடும் பிள்ளைகளைத் தூர வையுங்கள். தீ நடுவில் மட்டும் குவிவதால் மெல்லிய பானையில் சோறு அடிப்பிடிக்கும். கீழே இரும்புத் தவா ஒன்றை வைத்த பிறகுதான் சரியானது. காற்றுக்கு மறைப்பு கட்டாயம் தேவை. அதற்காகச் சிலிண்டரைச் சுற்றித் தகரம் கட்டிவிடாதீர்கள், சூடு கீழே இறங்கினால் ஆபத்து. தீயின் மட்டத்தில், காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும்.

பெட்டியிலிருந்து எடுத்த அன்றே இணைப்பில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. இதற்குத்தான் ஒரு மார்க் குறைக்கிறேன். வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததால் குமிழி வந்து காட்டிக்கொடுத்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வளையத்தை மாற்றிக்கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். கையில் உபரியாக ஒரு வளையம் இருப்பது நல்லது.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் எதுவும் கிடையாது. வெறும் சிலிண்டரின் எடையை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். பெட்டி தூக்கிப் பார்க்கும் தராசில் மாட்டிக் கழித்துக்கொள்ளலாம். காரில் நிமிர்த்தி வையுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். டென்டுக்குள் எவ்வளவு குளிரடித்தாலும் பற்ற வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை.

அப்புறம், சமைத்து முடித்ததும் மிச்சத்தை உடனே காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். பபூன் குரங்குகளுக்குப் புரட்டாசி கிடையாது, ஆனாலும் நம் பருப்பை விடாது.

என் மார்க் ஐந்துக்கு நான்கு. மின்வெட்டு வந்தால் இதே அடுப்பை வீட்டு வராந்தாவிலும் வைத்துச் சமைக்கலாம் என்பதால் காசு வீண் போகாது. நாலைந்து பேருக்கு மேல் போகிற குடும்பம் என்றால் குழாய் வைத்த இரட்டை அடுப்பையே பாருங்கள். ஒற்றை அடுப்பில் சோறு இறங்கும்வரை குழம்பு காத்திருக்க வேண்டும்.