பூவா தலையா தேர்தல்: யாருடைய கணிப்பை நம்பலாம்?

2024 நவம்பர் 5 பிறந்த நள்ளிரவில், அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவு தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வர் தன் கணினி மாதிரியைக் கடைசியாக 80,000 முறை ஓட்டிப் பார்த்தார். அதில் கமலா ஹாரிஸ் ஜெயித்தது 40,012 முறை. சரிபாதியைவிட 12 முறைதான் கூடுதல். எங்கள் அலுவலகத்தில் அதைப் படித்த பலரும், “இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர், ஒரு ரூபா காசைச் சுண்டினா போதாதா?” என்றார்கள். எனக்கோ அது நேர்மையான பதிலாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. இழுபறித் தேர்தலில் இன்னார்தான் வருவார் என்று அடித்துச் சொல்கிறவரைவிட, எதுவரை தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று கோடு போட்டுக் காட்டுகிறவரே உபயோகமானவர். அந்த அளவுகோலை வைத்துத்தான் கருத்துக்கணிப்பு, கணினி மாதிரி, பொருளாதாரச் சூத்திரம், பந்தயச் சந்தை எல்லாவற்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

மும்பையில் இருப்பவனுக்கு அமெரிக்கத் தேர்தலில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஃபோர்ட் பகுதியில் பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை. எங்கள் வாடிக்கையாளர்களில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பாதிப் பேர் கையில் ஐடி பங்குகள், பலர் வீட்டில் ஒரு பிள்ளை அமெரிக்காவில். செம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவின் மகள் டல்லாஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறாள். அந்த அக்டோபர் முழுக்க அவர் போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி: “நீ இதையேதானே பாத்துண்டிருக்கே, நிச்சயமாச் சொல்லுப்பா, யாரு வருவா?” நிச்சயமாகச் சொல்ல முடியாது சித்தப்பா, இரண்டுக்கும் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்பேன். அவருக்கு அது பிடிக்காது. ஆனாலும் அவருக்குச் சொல்லக்கூடிய உருப்படியான ஆலோசனை அது ஒன்றுதான்.

கணிப்பையே முடிவாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அதே வருஷம் மும்பை பார்த்திருந்தது. மக்களவைத் தேர்தலின் எக்ஸிட் போல் ஜூன் 1 சனிக்கிழமை மாலை வந்தது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல், சிலர் கணக்கில் 400 வரை. திங்கட்கிழமை சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. பாஜக 240, கூட்டணி 293. சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 4,390 புள்ளி விழுந்தது. திங்களன்று வாங்கச் சொல்லிப் போன் செய்தவர்களில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்களும் உண்டு. நமக்குத் தேர்தல் கணிப்பு வெறும் அரட்டை விஷயம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாதது அதனால்தான்.

முதலில் கருத்துக்கணிப்பு. மற்ற எல்லா முறைகளும் ஏதோ ஒரு வகையில் இதன் தோளில்தான் நிற்கின்றன. 1,000 பேரைக் கேட்டால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 சதவீதப் புள்ளி என்று போடுவார்கள். அது ஒரு வேட்பாளரின் வாக்கு சதவீதத்துக்கு. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அந்த வரம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே ‘ஹாரிஸ் 2 புள்ளி முன்னிலை’ என்ற தலைப்புச் செய்தி யார் முன்னால் இருக்கிறார் என்பதைச் சொல்லவே இல்லை. இதைத் தொலைக்காட்சியில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அதைவிடப் பெரிய சிக்கல், போனை யார் எடுக்கிறார்கள் என்பது. பியூ ஆய்வு நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-ல் 100 பேரைத் தொடர்புகொண்டால் 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் 6 பேர். பதில் சொல்லாத 94 பேரும் சொன்ன 6 பேரைப் போலவே இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2016-ல் மாநில அளவிலான பல கணிப்புகள் கல்வித் தகுதிக்கு ஏற்பக் கணக்கைச் சரிக்கட்டவில்லை. பட்டதாரிகள் அதிகம் பதில் சொன்னார்கள், அவர்கள் ஹிலாரி பக்கம் சாய்ந்தவர்கள். தேசிய அளவில் ஹிலாரி 2.1 புள்ளி அதிகம் வாங்கினார். கணிப்புகள் சொன்னதற்குப் பெரிய தூரமில்லை. ஆனால் அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றையும் சேர்த்து 78,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார், அத்தோடு எல்லாம் போயிற்று. 2020-ல் கல்வியைச் சரிக்கட்டியும் பிழை இன்னும் பெரிதானது. கருத்துக்கணிப்புகளின் சராசரி பைடனுக்கு 8 புள்ளிக்கு மேல் முன்னிலை கொடுத்தது, கிடைத்தது 4.5. விஸ்கான்சினில் ஒரு பெரிய கணிப்பு 17 புள்ளி என்றது. அங்கே அவர் ஜெயித்ததோ 1 புள்ளிக்கும் குறைவாக.

2024-ல் ஹாரிஸ் ஒரு புள்ளி முன்னால் என்றது சராசரி. டிரம்ப் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார். மூன்று தேர்தலிலும் டிரம்பைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அடுத்த முறை குடியரசுக் கட்சிக்கு நாமாகவே 3 புள்ளி கூட்டிக்கொள்ளலாமா என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். கூடாது. 2012-ல் இதே சராசரிகள் ஒபாமாவைக் குறைத்து மதிப்பிட்டன. பிழையின் அளவை ஓரளவு ஊகிக்கலாம், அது எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒற்றைக் கணிப்பை நம்பிப் பாய்வது எப்படிப்பட்ட ஆபத்து என்பதற்கு அயோவா போதும். அந்த மாநிலத்தின் கருத்துக்கணிப்பாளர் ஆன் செல்சர் பல தேர்தல்களில் பேர் வாங்கியவர். 2024 நவம்பர் 2 அன்று அவருடைய கணிப்பு அயோவாவில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னால் என்று வந்தது. பந்தயச் சந்தைகள்கூட ஆடிப்போயின. டிரம்ப் அங்கே 13 புள்ளியில் ஜெயித்தார். நல்ல கணிப்பாளருக்கும் எடுத்த சாம்பிள் எப்போதாவது இப்படி வழுக்கும். அதை மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான். மற்றவர்கள் எல்லோரும் பக்கத்து எண்ணைப் பார்த்துத் தம் எண்ணைத் திருத்த ஆரம்பித்தால் சராசரி எடுப்பதற்கே அர்த்தமில்லை.

அடுத்து கணினி மாதிரி. எல்லாக் கருத்துக்கணிப்புகளையும் சேர்த்து, ஒவ்வொன்றின் பழைய தரத்தையும் பார்த்து எடை கொடுத்து, பிழை எப்படியெல்லாம் விழலாம் என்று ஆயிரக்கணக்கான தடவை ஒத்திகை பார்ப்பது. இங்கே சூட்சுமம் ஒன்றுதான்: மாநிலங்களின் பிழைகள் தனித்தனியா, சேர்ந்தே வருமா? பென்சில்வேனியாவில் கணிப்பு தவறினால் அதே காரணத்தால் மிச்சிகனிலும் தவறும். 2016-ல் இதைச் சரியாகக் கணக்கில் எடுத்த, சில்வர் அப்போது நடத்திய ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் டிரம்புக்கு 29 சதவீத வாய்ப்பு கொடுத்தது. போதுமான அளவு எடுக்காத வேறு மாதிரிகள் ஹிலாரிக்கு 98, 99 சதவீதம் வரை போயின. எல்லாருக்கும் கிடைத்தது ஏறக்குறைய அதே கருத்துக்கணிப்புகள்தான். ஒருவர் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு என்றார், இன்னொருவர் வாய்ப்பே இல்லை என்றார். வித்தியாசம் முழுக்கப் பிழையைப் பற்றிய எண்ணத்தில் இருந்தது.

2024-ல் இதே விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஸ்விங் மாநிலங்களிலும் கடைசிச் சராசரி 3 புள்ளிக்குள் நின்றது. சாதாரணமாக யோசித்தால் மூன்று இவருக்கு, நான்கு அவருக்கு என்று பிரியும் என்றுதான் தோன்றும். ஆனால் சில்வரின் மாதிரியில் தனிக் காட்சியாக அதிகம் வந்தது டிரம்ப் ஏழையும் அள்ளுவது. அதற்கு அடுத்தது ஹாரிஸ் ஏழையும் அள்ளுவது. நடந்தது முதலாவது, தேர்வாளர் வாக்கில் 312-க்கு 226. ‘50க்கு 50 என்று சொல்லிவிட்டு இப்படித் தவறிவிட்டார்களே’ என்று எழுதியவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை. வெள்ளை மாளிகை யாருக்கு என்பதில் சமம், ஆனால் முடிவு நெருக்கமாக இல்லாமல் ஒரு பக்கமாகக் கவிழ வாய்ப்பு அதிகம் என்பதுதான் அந்தக் கணினி மாதிரி சொன்ன முழுப் பதில்.

பொருளாதாரச் சூத்திரங்களுக்கு நான் அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். யேல் பல்கலைக்கழகத்தின் ரே ஃபேர் 1978-லிருந்தே வளர்ச்சி விகிதம், விலைவாசி இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறார். ஏலன் அப்ரமோவிட்ஸ், அதிபரின் செல்வாக்கு, இரண்டாம் காலாண்டு வளர்ச்சி, ஆளுங்கட்சி எத்தனை காலமாக இருக்கிறது என்பதைச் சேர்ப்பார். ஆறு மாதம் முன்பு, வேறு எதுவும் கையில் இல்லாதபோது காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க இவை சரி. ஆனால் 1948 முதல் 2024 வரை மொத்தமே 20 தேர்தல்தான். 20 கணக்கை வைத்துக்கொண்டு ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வது நடக்காத காரியம். அதோடு, 2022 ஜூனில் 9.1 சதவீதம் தொட்ட அமெரிக்கப் பணவீக்கம் 2024 செப்டம்பரில் 2.4-க்கு இறங்கிவிட்டது. எந்தக் காலத்து விலைவாசியைச் சூத்திரத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடும். கடையில் முட்டை வாங்குகிறவர் எதை நினைவில் வைத்திருந்தார் என்பது நவம்பரில் தெரிந்தது.

ஆலன் லிக்ட்மன் என்ற வரலாற்றுப் பேராசிரியரின் 13 சாவிகள் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றின. சித்தப்பா எனக்கு அனுப்பியதும் அதுதான். 1981-ல் நிலநடுக்கத்தை முன்கணிக்கும் ரஷ்ய விஞ்ஞானி கெய்லிஸ்-போரோக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கியது. 13 கூற்றுகளில் ஆறோ அதற்கு மேலோ பொய்யானால் ஆளுங்கட்சி தோற்கும். ஊழல் உண்டா, பொருளாதாரம் எப்படி, வேட்பாளருக்கு மக்களைக் கவரும் சக்தி உண்டா என்ற மாதிரியான கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? அவரேதான். 2000-ல் அல் கோர் என்றார். கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கு மேல் அதிக வாக்கு வாங்கியும் புளோரிடாவை 537 வாக்கில் இழந்து அதிபர் பதவியை விட்டார். 2024-ல் ஹாரிஸ் என்றார். ஒருதலைப்பட்சமான தேர்தலில் இந்த முறை தேவையே இல்லை, இழுபறியில் உதவாது. இதை நம்பி யாரும் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது என்று சித்தப்பாவிடம் அழுத்திச் சொன்னேன்.

பந்தயச் சந்தைக்கு வருவோம். சட்டா பஜார் என்ற பேரைக் கேட்டே வளர்ந்த ஊர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு இதில் தனி ஈர்ப்பு. 2024 அக்டோபரில் பாலிமார்க்கெட் என்ற ஆன்லைன் பந்தயச் சந்தை டிரம்புக்கு 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு கொடுத்தது; கணினி மாதிரிகள் 50-ல் நின்றன. சந்தைதான் ஜெயித்தது என்று அப்புறம் பலரும் பேசினார்கள். அந்தச் சந்தையில் ஒரு பிரெஞ்சுக்காரர் பல கணக்குகள் வழியாகக் கோடிக்கணக்கான டாலரை டிரம்ப் மேல் போட்டிருந்தார். அவர் குருட்டாம்போக்கில் போடவில்லை. தன் செலவில் தனியாகக் கருத்துக்கணிப்பு எடுத்தார். ‘உங்கள் ஓட்டு யாருக்கு’ என்பதோடு ‘உங்கள் அக்கம்பக்கத்தார் யாருக்குப் போடுவார்கள்’ என்று கேட்கவைத்தார். தன் விருப்பத்தைச் சொல்லத் தயங்குகிறவர்கூட அண்டை வீட்டாரைப் பற்றித் தாராளமாகச் சொல்வார். அவருக்குக் கிடைத்த லாபம் 8 கோடி டாலருக்கு மேல். கவனித்துப் பார்த்தால் அவர் ஜெயித்ததும் ஒரு நல்ல கருத்துக்கணிப்பால்தான்.

சந்தையின் பழைய கணக்கையும் புரட்டவேண்டும். 2016-ல் அதுவும் ஹிலாரிக்கு 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. 2022-ல் அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் செனட் குடியரசுக் கட்சிக்குத்தான் என்றது. ஜனநாயகக் கட்சி 51 இடத்தோடு வைத்துக்கொண்டது. 2020-ல் பைடன் ஜெயித்துவிட்டதாக அறிவித்த பிறகும் சில வாரங்கள் டிரம்ப் பக்கம் பணம் விழுந்துகொண்டே இருந்தது. பணம் போடுகிறவர்களில் ஒரு சாய்வு இருந்தால் விலையிலும் அந்தச் சாய்வு ஏறும். 60-க்கும் 50-க்கும் நடுவில் எது சரி என்பதை ஒரே ஒரு தேர்தலை வைத்துத் தீர்மானிக்கவும் முடியாது. இன்னொன்று, இங்கிருந்து பணம் கட்டி இதில் இறங்குவது சட்டப்படி சரியில்லை. 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு அதில் சந்தேகமே வேண்டாம். விலையைப் பார்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் எண்ணிக்கை நடக்கும் ராத்திரியில் பந்தயச் சந்தையை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவில் முதல் வாக்குச்சாவடிகள் மூடும் மாலை 6 மணி நமக்கு விடியற்காலை 4.30. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் லவுடன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். 2020-ல் பைடன் அங்கே சுமார் 25 புள்ளியில் ஜெயித்தார். அந்த நவம்பர் 6 காலை ஹாரிஸின் முன்னிலை அங்கே 16 அளவுக்குச் சுருங்கி வந்தது. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை இந்த நேரத்தில் எதையும் சொல்லாது. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாளுக்கு முன்பு பிரிக்கவே சட்டம் விடாது என்பதால் முன்னிலை மேலும் கீழும் ஆடும். அதனால் எண்ணி முடிந்த கவுண்டி ஒன்றை எடுத்து, போன தடவையோடு ஒப்பிடுவதே சரியான வழி. ஹார்பர் லைன் ரயிலில் வரும்போது அதைத்தான் போனில் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் சித்தப்பாவுக்கு, “பொண்ணு விசா பேப்பரையெல்லாம் வக்கீல்கிட்ட இப்பவே காட்டிடச் சொல்லுங்கோ” என்று செய்தி அனுப்பினேன்.

9.15-க்கு நம் சந்தை திறந்தபோது பந்தய விலை டிரம்ப் பக்கம் பெரிதாகச் சாய்ந்துவிட்டிருந்தது. அன்று நிஃப்டி ஐடி குறியீடு சுமார் 4 சதவீதம் ஏறியது, சென்செக்ஸ் சுமார் 900 புள்ளி. மாலை 3.30-க்கு வர்த்தகம் முடிந்தது. அசோசியேட்டட் பிரஸ் விஸ்கான்சினை டிரம்புக்குக் கொடுத்து அவரை அதிபராக அறிவித்தது நம் நேரப்படி மாலை 4.04-க்கு.