லைசன்ஸ் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்

பினாங்குக்குப் புதிதாக வந்து, ஊர் லைசன்ஸை மலேசிய லைசன்ஸாக மாற்றித்தர ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 2,900 வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது.) பணம் போனது ஒரு பக்கம். கோயம்புத்தூரில் வாங்கிய ஒரிஜினல் லைசன்ஸும் சேர்ந்து போனதுதான் இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறது.

கணவருக்கு பாயான் லெப்பாஸில் வேலை. 2023ல் வந்தோம். மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர தினமும் கிராப் டாக்சி பிடித்தால் கட்டுப்படியாகவில்லை. அவிநாசி ரோட்டில் ஒன்பது வருடம் ஓட்டியவள் நான், இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஓட்டத் தெரியும், காகிதம்தான் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நினைப்புதான் வழிவிட்டது.

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த அண்ணன் அறிமுகமானார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கையில் ஒரு கோப்பு. "தங்கச்சி, நீங்க ஏன் வரிசையில நிக்கணும்? ஒரிஜினல் லைசன்ஸும் பாஸ்போர்ட் காப்பியும் குடுங்க, ஒரு மாசத்துல கார்டு உங்க கையில இருக்கும்" என்றார். அப்போது சாலைப் போக்குவரத்துத் துறையில், அதாவது ஜேபிஜேயில், வெளிநாட்டு லைசன்ஸை மாற்ற விண்ணப்பிக்கும் வழி இருந்தது. அதனால் அவர் பேச்சில் பாதி உண்மையும் இருந்தது.

முதலில் 1,000 வெள்ளி. இரண்டு வாரம் கழித்து, "ஃபைல் புத்ராஜெயாவுக்குப் போயாச்சு" என்று 1,500. (மலேசிய அரசு அலுவலகங்கள் இருக்கிற ஊர் அது.) நிரப்பிய ஜேபிஜே எல்1 படிவத்தைப் படமெடுத்து அனுப்பினார், என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் சரியாக இருந்தன. அது யார் வேண்டுமானாலும் இறக்கி நிரப்பிக்கொள்ளக்கூடிய படிவம் என்பது எனக்கு அப்போது தெரியாது. முத்திரை இருக்கிறதா, ரசீது எண் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நம்மூர் முகம், நம்மூர்ப் பேச்சு, அவ்வளவுதான்.

அதுவரை ஓட்டிக்கொள்ள என்று ஓர் அட்டையும் கொடுத்தார், சர்வதேச லைசன்ஸாம். சாம்பல் நிற பிளாஸ்டிக், என் படம் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாற்போல், மூலையில் தங்க நிறத்தில் ஒரு உலக உருண்டை. காலாவதி மூன்று வருடம் கழித்து. ஒருநாள் காரில் உட்கார்ந்திருந்த மகள் நகத்தால் சுரண்டியதில் அந்த உருண்டை அப்படியே கழன்று வந்தது, வெறும் ஒட்டுப்படம். அப்போதாவது விழித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, பசை தடவி ஒட்டிவைத்தேன்.

அடுத்து வந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. "உள்ள ஒருத்தருக்குக் கோப்பிக் காசு குடுக்கணும் தங்கச்சி, 400 போதும்" என்றார். கோப்பிக் காசு என்றால் இங்கே லஞ்சம். எனக்கு அர்த்தம் புரிந்தது, புரிந்தே கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரிடம் என் குரலே இறங்கிவிட்டது. எப்போது வரும் என்று கேட்கக்கூடத் தயங்கினேன். மலேசியச் சட்டப்படி லஞ்சம் வாங்குகிறவரைப் போலவே கொடுக்கிறவரும் குற்றவாளிதான். அந்த 400 வெள்ளி எந்த அதிகாரியிடமும் போகவில்லை, அவர் பையில்தான் விழுந்தது என்று இப்போது நினைக்கிறேன். என்னை வாயடைக்க வைக்க அவருக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் மாதம் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் ஜேபிஜே சோதனை. இளம் அதிகாரி, சிரித்த முகம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இங்கேதான் என்றேன். "இந்திய லைசன்ஸுக்கு இதை இங்கே யாரும் கொடுப்பதில்லையே மேடம், உங்கள் நாட்டில்தானே கொடுப்பார்கள்?" என்றார். உண்மைதான். இந்தியர்களுக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரில் ஆர்டிஓ அலுவலகம்தான் தருகிறது. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம்தான் செல்லும், பிளாஸ்டிக் அட்டையாக இருக்காது, சிறு புத்தகமாக இருக்கும். ஒரிஜினல் எங்கே என்று கேட்டார். டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். அது உங்கள் ஊருக்கு, எனக்குக் கார்டு வேண்டும் என்றார். கார்டு அண்ணனிடம். சம்மன் எழுதினார்.

லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 1987ம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 26வது பிரிவின்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. அந்த மூன்று மாதத்தில் யார் மேலாவது இடித்திருந்தால் காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) நிறுவனம் கைவிரித்திருக்கலாம்.

மறுநாள் ஜேபிஜே அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினார், இன்னொரு தடவை தட்டினார், பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை. இதற்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. முதல் மாதமே போயிருந்தால் அதே ஐந்து நிமிடம்தான்.

அண்ணன் அன்று மாலையே எண்ணை அணைத்துவிட்டார். நான் பணம் அனுப்பியது யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. பக்கத்து வீட்டு ஆண்டி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே லா. இவனுங்கள நாங்க உலாட்னு சொல்வோம்." உலாட் என்றால் மலாயில் புழு. அலுவலக வாசல்களில் நெளிகிற தரகர்களுக்கு இங்கே அதுதான் பெயர். அவர்தான் என்னைப் பலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, இழுத்துப்போய் போலீஸ் புகார் கொடுக்க வைத்தார். கோப்பிக் காசு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். பணம் திரும்பவில்லை. அனுப்பிய கையோடு தெரிந்திருந்தால் 997க்கு அழைத்திருக்கலாம். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, பணம் கணக்கிலிருந்து நகர்வதற்குள் சொன்னால்தான் பலன். பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம், புகார் வந்த கணக்கு என்றால் காட்டும். நான் இரண்டையும் புகார் எழுதும்போதுதான் கேள்விப்பட்டேன்.

அப்புறம் நேர்வழியில், புதிதாகக் கற்றுக்கொள்கிறவள்போல ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மணி நேர வகுப்பு. பிறகு கணினித் தேர்வு, 50 கேள்வியில் 42 சரியாக இருக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம். நான் தமிழில் எடுத்தேன். சில கேள்விகளில் தமிழ்தான் என்னைச் சோதித்தது. அப்புறம் எல் லைசன்ஸ், பயிற்சி, பள்ளிக்குள்ளேயே க்யூடிஐ என்கிற முன்தேர்வு, கடைசியில் ஜேபிஜே தேர்வு. மேட்டில் நிறுத்தி எடுக்கிற இடத்தில் முதல் தடவை பின்னால் உருண்டு தோற்றேன். ஒன்பது வருட அனுபவம்! பயிற்சி கொடுத்த சீன அங்கிள் அன்று முழுக்கச் சிரித்தார். மொத்தச் செலவு, மறுதேர்வையும் சேர்த்து, அண்ணனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இப்போது காரின் முன்னும் பின்னும், புது ஓட்டுநர் என்று காட்டுகிற பி எழுத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து வெளிநாட்டவரின் லைசன்ஸை மாற்றித் தருவதை ஜேபிஜே பெருமளவு நிறுத்திவிட்டது. அதனால், "பழைய தேதியில போட்டுடலாம்", "எனக்கு உள்ள ஆள் இருக்கு" என்கிற பேச்சுகள் கூடியிருக்கின்றன. போன வாரம் புதிதாக வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பெண் லைசன்ஸ் பற்றிக் கேட்டிருந்தார். கீழே ஒரு குரல் பதிவு. எண் வேறு, படத்தில் பிள்ளையார். குரல் மட்டும் மாறவில்லை. "தங்கச்சி, நீங்க ஏன் வரிசையில நிக்கணும்?"

அந்தப் பெண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.